பாடசாலைக்கு ஒரு கோபுரம்

பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டுமென்று வாயாரச் சொல்லாத தமிழர் பேராக்கில் ஒருவருமிலர். அக்கல்வி குடியிருக்க ஒரு நல்ல வீடு வேண்டுமென்றாலோ, நம்மவர் அரசாங்கத்தின் முகத்தையும் துரைமாரின் முகத்தையும் பார்த்து நிற்கின்றனர்.

7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டுமென்று 1923-ம் ஆண்டுத் தொழிற்சட்டம் வகுத்தது. துரைமார் பலர் லயத்து அறையையும் ஆயாக்கொட்டகையையும் காட்டி, இதுவே பள்ளிக்கூடம் என்றனர். நாமும் தலையாட்டினோம். தலையாட்டியதன் பலன் இன்றும் தொடர்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, மக்கள் ஈப்போ முதலிய பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கம்பெனி நிலத்தில் நின்ற பள்ளிகள் பலவும் பிள்ளைகளையிழந்து, நிலவுரிமையுமின்றித் தத்தளித்தன.

ஜப்பான் தேசத்து மட்சுமோட்டோ நகரத்தார் 1876-ல் கைச்சி பாடசாலையைக் கட்டி முடித்தனர். ஊர்த் தச்சர் ஒருவர் தோக்கியோவுக்கும் யோக்கஹாமாவுக்கும் சென்று, மேனாட்டுப் பாணிக் கட்டடங்களைப் பார்த்துவந்து, எண்கோணக் கோபுரத்தோடு அதனை எழுப்பினார். செலவில் நூற்றுக்கு 70 பங்கு போல ஊர்மக்கள் கொடுத்தது. 1963 வரை அதிலே பிள்ளைகள் படித்தனர். 2019-ல் அந்நாட்டரசு அதனைத் தேசியப் பொக்கிஷமாக்கியது.

"நம்மவரைச் சயாம் ரயில்பாதையில் சாகடித்தவன் நாட்டிலா நமக்குப் பாடம்?" என்று சிலர் சினக்கலாம். 1941-ல் வந்த படையின் கொடுமையை மறக்கும்படி யாம் சொல்லவில்லை. அதற்கு 65 ஆண்டுகள் முன்னர் ஓர் ஊரார் தம் பிள்ளைகளுக்காகச் செய்த தியாகம் அக்கொடுமையால் பொய்யாகிவிடாது.

"கட்டடமா படிப்பிக்கிறது? உபாத்தியாயர் போதாரோ?" என்பர் வேறு சிலர். அங்ஙனமாயின் சுவாமிக்கு மட்டும் கோபுரம் எதற்கு? கொட்டகையில் அவர் இருக்கமாட்டாரோ? தகரக்கூரையில் விழும் மழை உபாத்தியாயரின் குரலை விழுங்கும்போது, "உன் படிப்பின் விலை இவ்வளவே" என்று அக்கூரை பிள்ளைக்கு நாள்தோறும் போதிக்கிறது.

அரசாங்கத்தின் கடமையை யாம் தள்ளுபடி செய்யவில்லை. வரி கொடுப்போர் பள்ளிக்கூடம் கேட்பது உரிமை, பிச்சையன்று. ஆயினும், தன் பணத்தையும் போட்டுவிட்டுக் கேட்பவன் குரலுக்கு வலிமை அதிகம். ஆதலின், தோட்டம் விலைபோகுமுன் பள்ளி நிலத்தின் பத்திரத்தைப் பள்ளியின் பெயருக்கு வாங்குங்கள். வெளிச்சமும் காற்றும் தடையின்றி வரும் வகுப்பறைகளைக் கேளுங்கள். கோயில் நிர்வாகிகளே! திருவிழாச் செலவில் ஒரு பங்கைப் பள்ளிக்கென ஒதுக்குங்கள். வாணவேடிக்கை ஒரு நாழிகையில் புகையாகும். மட்சுமோட்டோவின் பாடசாலை இன்றும் நிற்கிறது.