பனூ இஸ்ராயீலரும் நம் பயான் மேடையும்

நம் சமுதாயத்தின் பயான் மேடைகளிலே பனூ இஸ்ராயீலர் சரித்திரம் படும் பாட்டை இனியும் பொறுத்திருத்தல் அறிவுடைமை ஆகாது. பயானின் முற்பகுதியில் ஊஜ் இப்னு உனுக் என்னும் அரக்கனின் கதை வரும். அவன் உயரம் 3333 முழமாம். நூஹ் (அலை) காலத்துப் பெருவெள்ளம் அவன் முழங்காலைக்கூட எட்டவில்லையாம். கடலில் மீன் பிடித்துச் சூரியனில் சுட்டுத் தின்றானாம்! பிற்பகுதியிலோ, யூத குலம் முழுவதும் ஆதிமுதல் அந்தம்வரை சபிக்கப்பட்டதென்ற முழக்கம் எழும். எவரைச் சபிக்கிறாரோ அவர்தம் பழங்கதையையே தம் மேடைக்கு அணிகலனாக்கிக் கொண்டதை அந்தப் பெரியவர் உணர்வதில்லை, கேட்போரும் உணர்வதில்லை.

இத்தகைய கதைகளுக்கு ‘இஸ்ராயீலிய்யாத்’ என்று பெயரிட்டு எச்சரித்தவர்கள் நம் முன்னோர்களே. ஊஜின் கதையை இப்னு கஸீர் புனைவென்று மறுத்தார். மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு லட்சம் வீரர் இருந்தனர் என்ற கணக்கை, அத்தனை பேர் ஒரு களத்தில் அணிவகுக்க இயலுமா என்று கேட்டுத் தள்ளினார் இப்னு கல்தூன். 14ஆம் நூற்றாண்டில் அவர்கள் கேட்ட கேள்வியை இன்று நாம் கேட்க அஞ்சுகிறோமே, இது வளர்ச்சியா, தேய்வா?

மெய்யான சரித்திரம் கதைக்குச் சளைத்ததன்று. கி.மு. 586இல் பாபிலோனியர் பைத்துல் முகத்தஸைத் தகர்த்து அம்மக்களைச் சிறைகொண்டு போயினர். கி.மு. 539இல் பாபிலோனை வென்ற பாரசீக மன்னர் சைரஸ் அவர்கள் ஊர் திரும்ப வழி திறந்தார். கி.பி. 70இல் ரோமர் மீண்டும் ஆலயத்தை எரித்தனர், கி.பி. 135இல் அடங்கிய கிளர்ச்சிக்குப்பின் யூதர் அந்நகருக்குள் நுழையவே தடை விதித்தனர். நூற்றாண்டுகள் நீடித்த அந்தத் தடை நீங்கி யூதர் மீண்டும் அங்கே குடியேற இடம் கிடைத்தது, உமர் (ரலி) அவர்களின் ஆட்சி வந்தபின் அல்லவா? இதைச் சொல்லாத நாவு எதைச் சொல்லி இஸ்லாத்தின் பெருமையை நிறுவப் போகிறது?

சான்று தேடிக் கடல் கடக்கவும் வேண்டா. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கத்து வயல்வெளிகளில் நிற்கும் நடுகற்களில் வட்டெழுத்தைக் காணலாம். அதே வட்டெழுத்திலேதான் கி.பி. 1000ஐ ஒட்டிச் சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மர், ஈசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகருக்குச் செப்பேடு வழங்கினார். முயிரிக்கோட்டில் வைத்து அளித்த அக்கொடையில் அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அடங்கும்: பகல்விளக்கு, பல்லக்கு, குடை, தோரணம், சுங்க விலக்கு, இன்னும் பல. அவர் வழித்தோன்றல்களுக்கும் அவை உரியவை.

அந்த ‘அஞ்சுவண்ணம்’ யாருடையது? தமிழ் முஸ்லிம்களின் மிகப் பழைய நூலாகிய பல்சந்தமாலையில் எஞ்சிய சில பாடல்களிலும் அச்சொல் ஒலிக்கிறது. கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலோ, கூஃபி அரபியிலும் எபிரேய எழுத்திலும் சாட்சிகள் அடுத்தடுத்துக் கையொப்பமிட்டுள்ளனர். ஒரே ஏட்டில் கையொப்பமிட்டு, ஒரே குழுப்பெயரால் நம் கடற்கரையில் வாணிகம் செய்தவர்களை ஆதிப் பகைவர் என்று எந்த ஆதாரத்தால் கூறுவது?

“பலஸ்தீனத்தில் இரத்தம் ஓடும்போது இந்தப் பேச்சு எதற்கு?” என்று சிலர் சினப்பர். அவர்களுக்கே இதைச் சொல்கிறேன். 1948இல் லட்சக்கணக்கான பலஸ்தீனியர் வீடிழந்தது இந்த நூற்றாண்டுகளின் அரசியல் அநீதி. அதைச் செய்தவை படையும் அரசும். மூஸா (அலை) அவர்களின் பின்னே கடல் கடந்த கூட்டமல்ல. அதனைப் பழங்குலப் பகையாக நீங்கள் வர்ணிக்கும்போது, இன்றைய அந்த அரசே பண்டைய இஸ்ராயீலரின் ஏகவாரிசு என்னும் அவர்தம் வாதத்திற்கு நீங்களே சாட்சி சொல்லுகிறீர்கள்! ஒடுக்கப்பட்டோரின் வழக்கை வாதாட வந்தவர் எதிர்தரப்பின் ஆவணத்தில் கையொப்பம் இடலாமா? ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 113ஆம் வசனம், வேதம் பெற்றோர் அனைவரும் ஒரே தரத்தினர் அல்லர் என்று பிரித்துக் காட்டுகிறது. குற்றத்தைக் குலத்தின்மேல் ஏற்றுவது குர்ஆன் காட்டும் நீதியன்று.

ஆதலின் மதரஸாக்களின் பொறுப்பாளர்களுக்கு ஒன்று கூறுவேன். ஸூரத்துல் பகரா ஓதும் மாணவர் முன்னே ஒரு நிலப்படத்தையும் ஆண்டு வரிசையையும் வையுங்கள். இஸ்ராயீலிய்யாத் எது, ஸஹீஹான செய்தி எது என்று பிரித்தறியப் பழக்குங்கள். சேரர் செப்பேட்டைத் தமிழ்ப் பாடத்தோடு சேருங்கள். நாளை மிம்பரில் ஏறப்போகிறவர் அவரே. ஊஜின் உயரத்தை அளந்து சொல்லும் நாவைவிட, உமர் (ரலி) அவர்களின் நீதியை ஆண்டோடு எடுத்துச் சொல்லும் நாவே பலஸ்தீனத்திற்கும் பயன்படும், தீனுக்கும் பயன்படும்.