அப்பத்தாவின் தொழில் என்ன?

அப்பத்தாவின் இறப்பைப் பதிவு செய்யப் போன சித்தப்பா, படிவத்தில் ‘இறந்தவரின் தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தொழில் இல்லாதவர் என்றால் ‘இல்லை’ என எழுதும்படி படிவமே சொல்கிறது. தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் மட்டும் தொழில்களுக்குப் பஞ்சமே இல்லை: மூத்த மகன் மின்வாரியம், மருமகன் கூட்டுறவு வங்கி, பேரன் சிங்கப்பூர், பேத்தி பி.இ. செத்துப்போன மனுஷிக்கு ஒரு படமும் மாலையும்தான்.

சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் ஒரு போகம், இல்லையென்றால் அதுவும் கிடையாது. காடு கரையெல்லாம் தாத்தா பேரில் இருந்தது. மழை பொய்த்த வருஷங்களில் அடுப்பு எரிந்தது அப்பத்தாவின் இரண்டு மாடுகளாலும் கொஞ்சம் கோழிகளாலும். கத்திரி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பார். தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் வசம்பும் மாசிக்காயும் உரசிக் கொடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் அவரது உண்மையான சாமர்த்தியம் செய்முறைக் கணக்கில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு காதுகுத்து என்றால் அது ஒருவகையில் வங்கி மாதிரி. இன்று வந்த மொய் நாளைக்குத் திருப்ப வேண்டிய கடன். தாத்தா அதையெல்லாம் நோட்டில் எழுதி டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். எழுத்துக் கூட்டத் தெரியாத அப்பத்தா அந்த நோட்டைத் திருத்துவார். ஒருநாள் பத்திரிகை வந்த வீட்டுக்கு நூறு ரூபாய் எழுதினால் போதும் என்றார் தாத்தா. அம்மிக் குழவியை நிறுத்தாமலே அப்பத்தா சொன்னார்: “நம்ம பெரியவ வளைகாப்புக்கு அவுக எவர்சில்வர் குடம் வச்சாக. நோட்டுல பணம் மட்டுந்தேன் இருக்கும். குடம் எங்கிட்ட இருக்கு.” தாத்தா பேசாமல் குடம் வாங்கக் கிளம்பினார். யாருக்கு என்ன பட்டிருக்கிறோம், யார் வீட்டில் இப்போது கஷ்டம், யாரிடம் திருப்பிக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. இதே வேலையை நாற்காலியில் உட்கார்ந்து செய்பவருக்கு மேலாளர் என்று பெயர்.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கண் விழிக்கிறது. விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கும் வருமானம் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும் என்பதை 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘உதவித் தொகை’ என்றில்லாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பத்தா அதை ‘என் சம்பளம்’ என்பார். சம்பளம் என்றால் ரொம்பக் குறைச்சல், அது வேறு விஷயம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88.

இதைவிட விசித்திரம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின் விளக்கப்படி, சொந்த வீட்டுத் தேவைக்காக மட்டும் மாடு வைத்துப் பால் உற்பத்தி செய்தாலும் அது வேலை. அந்தப் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, மோர் கடைந்து, வெண்ணெய் எடுத்து, பத்துப் பேருக்குப் பரிமாறினால் அது வேலை இல்லை. தொழுவத்தில் உழைப்பாளியாக இருக்கும் அப்பத்தா, பால் செம்போடு வாசற்படி ஏறியதும் வேலையற்றவர் ஆகிவிடுகிறார். அந்த மாட்டுக் கணக்கும்கூடப் பல வீடுகளில் பதிவாவதில்லை. கணக்கெடுக்க வருபவருக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளைதான் பதில் சொல்கிறார். “அவ சும்மா வீட்லதான் இருக்கா” என்று ஒரே வரியில் முடிந்துபோகிறது.

சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் வேலை என்று எழுத டெல்லி மனது வைக்க வேண்டும். வைக்கிற வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால் மாடு, ஆடு, கோழி, தோட்டம், வயலில் களையெடுப்பு, கடையில் கல்லாப்பெட்டி ஆகியவற்றைச் சொல்ல யார் அனுமதியும் தேவையில்லை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-ல் நடக்க இருக்கிறது. ஆள் வரும்போது உங்கள் வீட்டுப் பெண்களை வாசலுக்குக் கூப்பிடுங்கள். என்ன வேலை செய்கிறோம் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.