பொட்டலத்துக்குள் பொட்டலம்

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பெயர் பதியும் தமிழர், இனம் கேட்கும் கட்டத்தில் ‘ஆசியர்’ என்று டிக் அடிக்கிறார். கணினிக்குள் போனதும் அது மூன்றாகப் பிரிகிறது: அரசு வகைப்பாட்டுக்கு 2028-9 என்ற குறியீடு (ஆசியர்), விவரம் கொடுத்திருந்தால் 2029-7 (ஆசிய இந்தியர்), கடைசியாக, மனிதர் படிப்பதற்கு ஒரு வரி எழுத்து. மூன்றில் கட்டாயமானது அந்த எழுத்து மட்டும்தான். மூன்றையும் ‘இனம்’ என்ற ஒரே உறை மூடியிருக்கிறது.

மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஃபயர் தரத்தில், நோயாளி பற்றிய மூலப் படிவத்தில் இனம் என்ற கட்டமே கிடையாது. பெரும்பாலான மென்பொருள்கள் கையாளும் விவரங்களுக்குத்தான் அங்கே இடம். நாட்டுக்கு நாடு மாறுவதெல்லாம் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் உறையில் போகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைய முகவரி. அதன் உள்ளே ஒரு மதிப்பு இருக்கலாம், இல்லையேல் சின்ன எக்ஸ்டென்ஷன்கள் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. இதற்கு முந்தைய தரமான ஹெச்எல்7 இரண்டாம் பதிப்பில் இசட் என்று தொடங்கும் பகுதிகளை அவரவர் இஷ்டத்துக்குச் செருகினார்கள். பெறுகிறவர் போன் போட்டுக் கேட்டால்தான் பொருள் தெரியும்.

எதை எதோடு சேர்த்துக் கட்டுவது? குடியுரிமையைப் பாருங்கள். ஒருவருக்கு முதலில் ஒரு நாடு, பிறகு இன்னொரு நாடு. நாடு இரண்டு, காலம் இரண்டு என நான்கையும் தனித்தனியாக வரிசையில் விட்டால், எந்தத் தேதி எந்த நாட்டுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. நாட்டையும் காலத்தையும் ஒரே உறையில் போட்டு, அந்த உறையை இரண்டு முறை வைத்தால் குழப்பமில்லை. பிரித்தால் பொருள் கெடுமென்றால் உள்ளே வைக்கலாம். கெடாதென்றால் வெளியிலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி.

ஆனால் நடைமுறையில் பலர் பொருளைப் பார்ப்பதில்லை, கையிலிருக்கும் படிவத்தைப் பார்த்தே மடிக்கிறார்கள். இனத்துக்கு ஓர் உறை, ஹிஸ்பானியரா என்ற கேள்விக்குத் தனியாக இன்னோர் உறை என்று அமெரிக்கா வைத்ததற்கு, 1997-இல் வந்த அரசு வகைப்பாடு இரண்டு கேள்விகளாக இருந்ததே காரணம். 2024 மார்ச்சில் அரசு இரண்டையும் ஒரே கேள்வியாக்கி, மத்தியக் கிழக்கினர் அல்லது வட ஆப்பிரிக்கர் என்று ஒரு புது வகையையும் சேர்த்துவிட்டது. கேள்வி ஒன்றாகிவிட்டது, சேமித்து வைத்த கோப்புகளில் உறை இன்னும் இரண்டுதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சாதாரண எக்ஸ்டென்ஷன் தனக்குப் புரியவில்லை என்றால், பெறும் மென்பொருள் அதைத் தாண்டிப் போகலாம். விதியே இடம் கொடுக்கிறது. பொருளையே மாற்றிவிடும் சேதிக்கென்று மாடிஃபையர் என்ற தனி ரகம் உண்டு. அது புரியாவிட்டால் பதிவைக் கையாளாமல் நிறுத்த வேண்டும். அந்த ரகத்தை எக்ஸ்டென்ஷனுக்குள் வைக்க இடமே இல்லை. ஆகவே, ஒரு மருந்துப் பதிவில் ‘இது கொடுக்கப்படவில்லை’ என்ற சேதியை யாராவது இரண்டு உறைக்கு அடியில் வைத்தால், எதிர்முனைத் திரையில் மருந்தின் பெயரும் அளவும் மட்டும் தெரியும்.

இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் ஃபயரின் நான்காம் பதிப்பைத்தான் எடுத்திருக்கிறது. காப்பீட்டுத் திட்டம், குடும்ப அட்டை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் அடையாளங்கள் என்று இங்கே உறை தைக்க ஆசைப்படுவோருக்குப் பஞ்சம் இருக்காது. அட்டை எண்ணையும் திட்டத்தின் பெயரையும் ஒரே உறையில் போடுகிறவர், அடுத்த ஆட்சியில் திட்டத்தின் பெயர் மாறும்போது அட்டை எண் என்ன ஆகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.