கொல்லையில் கஞ்சா வேண்டாம். புளிச்சையும் சணப்பும் போதும்

இரசாயன உரம் இடாமல், தொழு உரமும் தழையும் போட்டு வீட்டுக் கொல்லையில் வளர்க்கும் செடிக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த நற்பெயரின் நிழலில் இப்போது கஞ்சாவும் ‘மூலிகை’ என்ற போர்வையில் கிராமத்துக்குள் நுழையப் பார்க்கிறது. வடக்கே அரசாங்கமே அனுமதித்துவிட்டது, கொல்லையில் நாலு செடி நின்றால் யார் கேட்கப் போகிறார்கள் என்ற பேச்சும் கூடவே வருகிறது. இந்தப் பேச்சை நம்பிச் சிறு விவசாயி ஒரு விதைகூட ஊன்றலாகாது.

அனுமதி பற்றிய பேச்சில் பாதிதான் உண்மை. உத்தராகண்ட் மாநிலம் 2018ஆம் ஆண்டில், நாருக்கும் விதைக்கும் மட்டுமான கஞ்சா இனத்தைப் பயிரிட உரிமம் வழங்க முன்வந்தது. போதை தரும் சத்து அதில் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. உரிமம் இல்லாதவர்களுக்கு அங்கேயும் அது குற்றமே. காரைக்கால் கொல்லைக்கு அந்த உரிமம் எவ்வகையிலும் பொருந்தாது.

‘அந்தக் காலத்தில் கடையிலேயே விற்றார்களே’ என்று முதியவர்கள் கேட்கலாம். நாட்டின் பல பகுதிகளில் உரிமம் பெற்ற கடைகள் இருந்தது மெய்தான். ஆனால் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும். அனுமதியின்றிக் கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பயிரிட்ட குற்றத்துக்கு இத்தனை செடி வரை பரவாயில்லை என்ற விலக்கு கிடையாது. இயற்கை உரம் இட்டாரா, யூரியா இட்டாரா என்று நீதிமன்றம் கேட்கப் போவதும் இல்லை.

விவசாயிகள் அவசியம் அறிய வேண்டியது இதன் 54ஆவது பிரிவு. ஒருவர் சாகுபடி செய்யும் நிலத்தில் கஞ்சாச் செடி நின்று, அதற்குத் தக்க விளக்கம் தர அவரால் இயலாவிட்டால், அவரே குற்றம் செய்தவர் என்று அனுமானிக்க இச்சட்டம் இடம் தருகிறது. அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் பாரம் அவர் தலையில் விழும். வழக்குக்கு அலையும் ஒரு போகத்தில் ஒரு காணி நிலமும் கடனில் மூழ்கிவிடும். செடியைக் கொடுத்தவனோ அதற்குள் ஊர் தாண்டியிருப்பான். தம் நிலத்தில் கஞ்சா பயிரிடப்பட்டிருப்பது தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதும் 46ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. எனவே நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களும் அவ்வப்போது வயலைச் சுற்றிப் பார்த்து வருதல் நலம்.

நார் இனம்தானே என்று சொல்லி விதை கொடுப்பவர்களையும் நம்புவதற்கில்லை. இரண்டு இனங்களையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஆய்வுக்கூடச் சோதனையில்தான் தெரியும். மகரந்தம் காற்றில் வெகுதூரம் பறந்து கலப்பதால், வீட்டில் எடுத்து வைக்கும் விதை இனத்தூய்மையோடு இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

கொல்லையில் விதை போட்டு வளர்க்க நமக்கு வேறு பயிர்கள் இல்லாமலா போயின? புளிச்சைக் கீரையின் இலை கஞ்சா இலையைப் போல் விரல் விரலாகப் பிரிந்திருக்கும். அதன் தாவரப் பெயரான ‘ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்’ என்பதே அந்த ஒற்றுமையால் வந்தது. இலை குழம்புக்கு ஆகும். தண்டின் பட்டை நாருக்கு ஆகும். மண்டபத்தூர் போன்ற கடலோர ஊர்களின் மணற்பாங்கான கொல்லையில், நன்கு மட்கிய தொழு உரம் கலந்து, மழைநீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் விதைக்கலாம். பாத்தி ஓரத்தில் இரண்டு மூன்று நல்ல செடிகளைக் கிள்ளாமல் விட்டு, காய்கள் பழுத்துக் காய்ந்ததும் வெடிக்கும் முன் பறித்து உலர்த்தினால், மறு வருஷ விதை வீட்டிலேயே இருக்கும்.

வயலுக்குச் சணப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கும் ‘ஹெம்ப்’ என்ற பெயர் ஒட்டியிருந்தாலும், இது பயறு வகைக் குடும்பத்துச் செடி. போதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதைத்து, 45 முதல் 60 நாளுக்குள் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், 5 டன்னுக்குக் குறையாமல் பசுந்தாள் உரம் கிடைக்கும். நீர் தேங்கும் இடத்துக்கும் உவர் மண்ணுக்கும் தக்கைப்பூண்டே ஏற்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையால் உப்பேறிய நாகப்பட்டினம் பகுதி வயல்களை மீட்கத் துணை நின்றது இந்தச் செடிதான்.

விதை, விதைப்புக் காலம் பற்றிய ஐயங்களுக்கு மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, செருமாவிலங்கை பண்டித ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரியையோ அணுகலாம். வேளாண் அதிகாரிகளும் பயிர் ஆலோசனையோடு இந்தச் சட்ட விவரத்தையும் ஊர்க் கூட்டங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும். தெரியாமல் ஊன்றிய ஒரு விதைக்காக ஒரு குடும்பம் நிலத்தை இழக்கும் நிலை எந்தக் கிராமத்துக்கும் வரலாகாது.