தட்டில் முளைக்கும் தீவனம்

ஊறவைத்த மக்காச்சோளத்தைத் தட்டில் பரப்பி, அவ்வப்போது நீர் தெளித்துவந்தால் ஏழே நாளில் பசுந்தீவனம் தயார். வயல் வேண்டாம், நீரும் குறைவாகவே தேவைப்படும். ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும் இந்த மண்ணில்லாத் தீவன வளர்ப்பு, கால்நடைத் தீவனப் பற்றாக்குறைக்கு அருமருந்தாக முன்வைக்கப்படுகிறது. இதை நம்பிக் கடன் வாங்கும் சிறு விவசாயி, முதலில் கணக்கைப் பார்ப்பது நல்லது.

பால் உற்பத்தியில் இந்தியா உலகிலேயே முதலிடம் வகிக்கிறது. 2019ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள மாடுகளும் எருமைகளும் 30 கோடிக்கு மேல். ஆனால், சாகுபடி நிலத்தில் சுமார் 4 சதவீதத்தில்தான் தீவனப் பயிர்கள் விளைகின்றன. பல பத்தாண்டுகளாக இந்தப் பரப்பு ஏறக்குறைய மாறவே இல்லை.

விளைநிலம் குறைந்த கோவாவில், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு வளாகம் இம்முறையைச் சோதித்தது. ஒரு கிலோ மக்காச்சோளம் 5 முதல் 6 கிலோ பசுந்தீவனமாகிறது. பாலும் ஓரளவு கூடுகிறது. இவை மறுக்க முடியாத பயன்கள். ஆயினும், கூடிய எடையில் பெரும்பகுதி நீரே. நீரை நீக்கிப் பார்த்தால், எஞ்சும் உலர்பொருள் விதைத்த தானியத்தில் இருந்ததைவிடக் குறைவு. முளைக்கும் விதை தன் சேமிப்பையே செலவழிக்கிறது என்பதே காரணம்.

ஜான்சியிலுள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி பசுந்தீவனப் பற்றாக்குறை 11.24 சதவீதம், உலர்தீவனத்தில் அது 23.4 சதவீதம், தானியம், பிண்ணாக்கு உள்ளிட்ட அடர்தீவனத்தில் 28.9 சதவீதம். அதாவது, மிக அரிதான பொருளைச் செலவிட்டு, ஒப்பீட்டளவில் பற்றாக்குறை குறைவான பொருளை உருவாக்குகிறோம்.

மக்காச்சோளத்துக்குக் கோழிப் பண்ணைகளுடன் எத்தனால் ஆலைகளும் இப்போது போட்டியிடுகின்றன. 2025-26ஆம் ஆண்டு காரிஃப் பருவத்துக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 2,400. அந்த விலைக்கே தானியம் கிடைத்தாலும், ஒரு கிலோ பசுந்தீவனத்துக்கு விதைச் செலவு மட்டும் நான்கு ரூபாய்க்குக் குறையாது. கொட்டகை, மின்சாரம், ஆள்கூலி ஆகியவை தனி. ஈரத்தில் பூஞ்சணம் படர்ந்துவிட்டால் தட்டு முழுவதும் வீண், மாட்டுக்கும் ஆபத்து.

வறட்சிக் காலத்திலும், நிலமற்ற கறவை மாட்டுக்காரர்களுக்கும் இம்முறை துணைத் தீவனமாக உதவலாம். ஆனால், வயலுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் அது மாற்றாகாது. கிராமப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2011இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதை முழுமையாக நிறைவேற்றுவது, தரமான தீவன விதைகளை வழங்குவது, அறுவடைக்குப் பின் வயலிலேயே எரிக்கப்படும் வைக்கோலைத் தீவனமாக்குவது ஆகியவையே அரசின் முதற்பணிகளாக வேண்டும்.

தட்டுகளுக்கும் கொட்டகைகளுக்கும் மானியம் வழங்குமுன், அவற்றை வாங்கும் விவசாயியிடம் வரவு செலவு முழுவதையும் எடுத்துரைப்பது அரசின் கடமை. பசுமையைக் காட்டி அவரைக் கடனாளியாக்கிவிடக் கூடாது.