டவர் இல்லாத நாளுக்குக் கூலி யார் தருவது?

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தின் பெயர் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது நியூட்ரினோவால்தான். ஊரை ஒட்டிய மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பை அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகளைப் பிடிக்கும் ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. போராட்டம், வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம் என்று விவகாரம் இழுத்துக்கொண்டே போக, 2022-ல் தமிழக அரசே திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மலை அப்படியே நிற்கிறது. நியூட்ரினோ அதை ஊடுருவிப் போகிறது. செல்போன் சிக்னலால் அது முடியாது.

இதே துகளால் ஐரோப்பாவில் நடந்த ஒரு கூத்து, போனைக் கணினியோடு இணைக்கத் திண்டாடும் எவருக்கும் ஆறுதல் தரும். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில், ஒளிக்கு ஆகும் நேரத்தைவிட 60 நானோ விநாடி முன்னதாகவே வந்து சேர்ந்தன என்று 2011 செப்டம்பரில் ஓபரா ஆய்வுக் குழு அறிவித்தது. ஐன்ஸ்டீன் தோற்றாரா என்று உலகமே கேட்டது. சில மாதம் கழித்துத் தெரிந்த காரணங்களில் முக்கியமானது, ஜிபிஎஸ் நேரத்தைக் கணினிக்குக் கொண்டுவந்த ஒளியிழைக் கேபிள் ஒழுங்காகச் செருகப்படவில்லை என்பது. குழுவை வழிநடத்தியவர் 2012 மார்ச்சில் பதவி விலகினார்.

கேபிளை முதலில் பார், என்று எந்தக் கடைப் பையனும் சொல்வான். போனுக்கும் கணினிக்கும் 'சிங்க்' ஆகவில்லை என்று கொண்டுவருபவர்களில் பலருக்கு வினை கேபிளில்தான். மலிவான கேபிள்கள் சிலவற்றில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டும் இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. சார்ஜ் ஏறுவதைப் பார்த்து இணைப்பு சரி என்று நம்பிவிடுகிறோம். கேபிள் நல்லதென்றாலும் ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலும் 'சார்ஜ் மட்டும்' நிலையில்தான் இணையும். திரையில் கோப்புப் பரிமாற்றத்தைத் தொட்டால்தான் கதவு திறக்கும். ஐபோன், இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். பழைய மேசைக் கணினியில் பொத்தான் பேட்டரி செத்துப்போனால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பிய கணினியை இணையத் தளங்களும் நம்பாது, சிங்க்கும் நின்றுவிடும். இதையெல்லாம் தாண்டி இன்னொரு ஆபத்து: சிங்க் என்பது காப்புப் பிரதி அல்ல. போனில் அழித்த படம் மறுபக்கத்திலும் அழிந்தால் அது கோளாறு இல்லை. சொன்ன வேலையை அது செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. 'பொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று, முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயரைப் பிரித்து வைத்தது. மற்றவை வந்தது வந்தபடி வைத்தன. இதைக் கவனிக்காத சிங்க் செயலிக்குப் 'பொட்டிப்புரம்' என்ற ஒரே கோப்பு இரண்டாகத் தெரியும், திரும்பத் திரும்ப நகல் எடுக்கும். பக்கத்து ஊர்களான போடிக்கும் கோம்பைக்கும் இதே கதி. தேனிக்கும் கம்பத்துக்கும் இந்த வம்பு கிடையாது. கோப்புப் பெயரில் எண்ணோ ஆங்கில எழுத்தோ போடு என்று கணினி மையங்களில் அறிவுரை சொல்வதுண்டு. மென்பொருள் எழுதுபவர்கள் செய்யாமல் விட்டதற்குப் பயனர் ஏன் தன் மொழியை ஒளித்துவைக்க வேண்டும்?

ஒரு கோளாறில் இழப்பு யாருக்கு என்பதைப் பொறுத்துத்தான் அதைச் சரிசெய்யும் அவசரமும் பிறக்கிறது. ஏலக்காயைப் பாருங்கள். போடியிலும் மலைக்கு மேலே கேரளத்துப் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலம் நடத்துகிறது. 2021-ல் கிளவுட் முறை வந்த பிறகு, எந்த மையத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரியும் ஒரே ஏலத்தில் விலை கேட்க முடிந்தது. இரண்டு மாநிலம், நடுவே மலை, இருந்தாலும் இரு பக்கமும் ஒரே விலை தெரிய வேண்டும் என்று முனைந்து செய்தார்கள்.

நூறு நாள் வேலையில் அந்த முனைப்பு கிடைக்கவில்லை. என்எம்எம்எஸ் என்ற செல்போன் வருகைப்பதிவுச் செயலி 2021-ல் சோதனையாக வந்து, 2022 மே மாதம் 20 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களுக்கும், 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் தன் போனில் நாளுக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிவாகும்படி படம் எடுக்க வேண்டும். டவர் இல்லாவிட்டால் படத்தைப் போனிலேயே வைத்திருந்து, கிடைத்ததும் ஏற்றலாம் என்கிறது அரசு. வாய்க்கால் வெட்டி முடித்த பிறகு அந்தப் படம் சர்வருக்குப் போய்ச் சேராவிட்டால்? மண் வெட்டியது உண்மை, ஆனால் கணக்கில் ஆள் இல்லை. அப்படிப்பட்ட நாட்களுக்குக் கையால் பதிவுசெய்ய, தொடக்கத்தில் வந்த உத்தரவுப்படி மாவட்ட ஒருங்கிணைப்பாளர் அனுமதிக்க வேண்டும், அதாவது பெரும்பாலும் ஆட்சியர். ஒருநாள் கூலிக்காக மலையடிவாரக் கிராமத்துப் பெண் தேனிக்குப் பஸ் ஏறினால் இன்னொரு நாள் கூலியும் போகும். இந்தச் செயலியை எதிர்த்து 2023-ல் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்ததில் வியப்பில்லை.

போலி வருகையைத் தடுக்கத்தானே என்பார்கள். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் தடுத்ததா? வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் எடுத்து ஏற்றுவதும் நடப்பதாக 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏமாற்றத் தெரிந்தவருக்குச் செயலி வழிவிட்டது. நேர்மையாக வேலைசெய்து டவர் கிடைக்காமல் போனவரைத்தான் சந்தேகப்பட்டது. 2025 டிசம்பரில் 125 நாள் வேலை என்று புதுச் சட்டம் நிறைவேறியது. பெயர் மாறலாம், போன் வருகைப்பதிவு போகப்போவதில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை சில, பெரிதாக ஒன்றுமில்லை. சர்வரைப் படம் எப்போது எட்டியது என்பதைவிட, போனில் அது எடுக்கப்பட்ட நேரமே கணக்காக வேண்டும். ஏற்றம் தோற்றால் டவர் இல்லையா, நேரம் தப்பா, இடம் பொருந்தவில்லையா என்று திரையில் தமிழில் சொல்ல வேண்டும். அன்றன்றைக்கு வந்தவர்களின் பட்டியல் காகிதத்திலும் இருந்து, அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ அதில் விழ வேண்டும். சர்வரும் காகிதமும் முரண்பட்டால், மோசடி நிரூபணமாகும்வரை காகிதத்தின்படி கூலி போக வேண்டும். திருத்தும் அதிகாரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலேயே இருந்து, எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவும் அதற்கு வேண்டும்.