கண்டுபிடிப்பும் காகித வேலியும்

பாடசாலை மாணவர் ஒருவர் நெல் தூற்றும் இயந்திரமொன்றை உருவாக்கிவிட்டால் பரிசளிப்பு, பொன்னாடை, பத்திரிகையில் புகைப்படம் என்பன தாமதமின்றி வந்து சேருகின்றன. அக்கண்டுபிடிப்பு சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்று கேட்போர்தாம் அரிது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் ஆக்கவுரிமை, விண்ணப்பத் திகதியிலிருந்து 20 வருடங்களுக்குச் செல்லுபடியாகும். கண்டுபிடிப்பு புதியதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. புதியது என்றால் முன்னர் எங்கும் வெளியிடப்படாதது. கண்டுபிடிப்பாளரே கண்காட்சியில் விளக்கியிருந்தாலும் அதுவும் வெளியீடுதான். எமது சட்டம் இத்தகையோருக்கு ஒரு வருட அவகாசம் தருகின்றது. ஐரோப்பாவிலோ பொதுவாக அச்சலுகை கிடையாது. கொழும்பில் கைதட்டல் பெற்ற அன்றே அங்குள்ள கதவு அடைபட்டுவிடக்கூடும் என்பதை எத்தனை ஆசிரியர்கள் அறிவர்?

விண்ணப்பத்தை எழுதுவது அதனினும் கடினமான பணி. பொறியியலும் சட்டமும் தெரிந்த ஆக்கவுரிமைப் பொறியியலாளர் ஒருவரின் தேவை இங்குதான் எழுகின்றது. இயந்திரத்தின் வரைபடத்தை இணைத்துவிட்டால் போதும் என்றே பலர் கருதுகின்றனர். உரிமையின் எல்லையை வகுப்பது வரைபடமன்று. 'கோரிக்கைகள்' எனப்படும் சில வாக்கியங்களே. 'மூன்று விசிறிகள் கொண்ட இயந்திரம்' என்று கோரிக்கையில் எழுதப்பட்டிருந்தால், இரண்டு விசிறிகளுடன் அதே பணியைச் செய்யும் இயந்திரத்தை மற்றொருவர் தயாரித்துத் தப்பித்துக்கொள்ளலாம். மாறாக, எல்லையை அளவுகடந்து அகட்டினால் ஏற்கனவே உள்ள இயந்திரங்களும் அதற்குள் அகப்பட்டு விண்ணப்பமே நிராகரிக்கப்படும். யாழ்ப்பாணத்து வேலித் தகராறுகளை அறிந்தோருக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் பெற்ற உரிமை இலங்கைக்கு மட்டுமே உரியது. ஏனைய நாடுகளில் முதல் விண்ணப்பத் திகதியின் முன்னுரிமையைக் கோருவதாயின், பாரிஸ் சமவாயத்தின்படி 12 மாதங்களுக்குள் செயற்பட வேண்டும். அங்குள்ள கட்டணங்களையும் முகவர் செலவுகளையும் ஒரு விவசாயியோ மாணவரோ தாங்க இயலாது.

வசதியற்ற கண்டுபிடிப்பாளருக்குக் கட்டணமின்றி நிபுணர் உதவி வழங்கும் திட்டமொன்றை உலகப் புலமைச் சொத்து நிறுவனம் 2016இல் ஆரம்பித்தது. கொலம்பியா, மொரோக்கோ, பிலிப்பைன்ஸ் ஆகிய வளர்முக நாடுகளே அதன் முன்னோடிகளாக அமைந்தன. பணக்கார நாடுகளுக்கு மட்டுமே இது சாத்தியம் என்ற சாட்டு எடுபடாது.

கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. அங்கு பயில்வோரில் சிலரையேனும் கோரிக்கை எழுதும் கலையில் பயிற்றுவித்தால், வடக்கு கிழக்கின் கண்டுபிடிப்பாளர் தமது கருவியைத் தமது தாய்மொழியிலேயே விளக்கி ஆலோசனை பெற முடியும். அதுவரையில், கண்காட்சிக்கு மாணவரை அழைத்துச் செல்லும் பாடசாலைகள் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டதா என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பிறநாட்டு உரிமையையும் எதிர்பார்ப்பவர், அது முடியும்வரை புகைப்படக்காரர்களைச் சற்றுக் காத்திருக்கச் சொல்வதே நலம். எமது நிருபர்களும் இதற்கு விதிவிலக்கல்லர்.